முக்கோணத்துக்கு வெளியே ஒரு படகு

எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காலையில் பூப்படத்தோடு வணக்கம் வரும், மாலையில் பென்ஷனைப் பற்றி ஏதாவது ஒரு வதந்தி வரும். போன மாதம் ஒருவர் ஒரு படம் போட்டார். மண்டபம் ஊரில் எங்கள் கரை வயர்லெஸ் அறையிலிருந்த வரைபட மேசையை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வெளியே போகிறார்கள். கீழே வரிசையாக அழுகிற முகங்கள். நான் மட்டும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். சோறு போட்ட மேசையை மறந்துவிட்டாயே என்றார் ஒருவர்.

அந்த மேசையின் மூலை என் தொடையில் எத்தனை முறை இடித்திருக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும். இப்போது அந்த இடத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை இருக்கிறதாம். படகுகள் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதாம். தன் இடத்தைப் படகே சொல்லிவிடும் என்றால் பென்சிலைக் கடித்துக்கொண்டு ஒருவர் எதற்கு உட்கார வேண்டும்? போனது போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் குழுவில் இன்னொருவர், "ரமீஜா மேடத்தோட முக்கோணம் அந்த மேசையிலதானய்யா நடந்துச்சு, அதையாவது எழுதிப் போடு" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். மேசைக்காக இல்லாமல் அந்தக் கணக்குக்காக எழுதுகிறேன்.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். மிளகாய் விவசாயம். வயர்லெஸ் வேலைக்கு ஆர்டர் வந்தபோது, "கடல்ல வேலையாம்ல இவனுக்கு, கண்மாய்லயே முங்கத் தெரியாது" என்று என் அய்யா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். உண்மைதான், எனக்கு இன்றுவரை நீந்தத் தெரியாது. வேலை கடலைப் பற்றியதே தவிரக் கடலில் இல்லை. படகிலிருந்து கூப்பிடுவார்கள், நாங்கள் கேட்போம், எழுதுவோம், சொல்லுவோம். பயிற்சியில் மோர்ஸ் சொல்லிக் கொடுத்தார்கள், பேட்டரி கழுவச் சொல்லிக் கொடுத்தார்கள், வரைபடம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் முதல் இரண்டும் நான் வேலைக்கு வந்து சில வருடங்களிலேயே பயனற்றுப் போயின. மூன்றாவது மட்டும் கூடவே வந்தது.

படகு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் செய்த காரியம் எளிமையானது. படகில் இருப்பவர் கரையில் தெரியும் ஒரு பொருளைக் காம்பஸ் வைத்துப் பார்ப்பார். அது எத்தனை பாகையில் தெரிகிறது என்று சொல்வார். வரைபடத்தில் அந்தப் பொருளிலிருந்து அந்தத் திசைக்கு நேர் எதிராக ஒரு கோடு இழுத்தால் படகு அந்தக் கோட்டில் எங்கோ இருக்கிறது. இரண்டாவது பொருளைப் பார்த்தால் இரண்டாவது கோடு, இரண்டும் வெட்டும் இடம் படகு. மூன்றாவது ஒன்றைப் பார்ப்பது சரிபார்க்க. மூன்று கோடும் ஒரே புள்ளியில் சந்திப்பதென்பது பரீட்சைத் தாளில் மட்டும்தான் நடக்கும். கடலில் படகு ஆடும், கை நடுங்கும், கோடுகள் ஒரு சின்ன முக்கோணத்தை விட்டுவிட்டுப் போகும். முக்கோணத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்துப் "படகு இங்கே" என்று சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். வருடக்கணக்காக அப்படித்தான் சொன்னோம், படகுகளும் அங்கேயேதான் இருந்தன.

பிறகு ரமீஜா மேடம் அதிகாரியாக வந்தார். பெரியபட்டினத்துக்காரர், கணிதம் படித்தவர், என்னைவிட வயதில் ரொம்பவும் சின்னவர். வந்த வாரத்திலேயே வெள்ளைப் பலகையில் ஒரு விதி எழுதினார். ஒவ்வொரு பாகையையும் நீளம் ஒன்று உள்ள ஒரு அம்பாக வைத்துக்கொள்ள வேண்டும். அலகு வெக்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். அந்த அம்பு கிழக்கே எவ்வளவு போகிறது என்பதற்கு சைன், வடக்கே எவ்வளவு என்பதற்குக் காஸ். அம்பைத் தூரத்தால் பெருக்கினால் படகு போன வழி. நாலு திசையில் அலைந்த படகானால் நாலு அம்பையும் கூட்டினால் போதும்.

இதில் ஒரு வம்பு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கோணத்தைக் கிழக்கிலிருந்து எண்ணுவார்கள், காம்பஸ் வடக்கிலிருந்து எண்ணுகிறது. அதனால் சைனும் காஸும் இடம் மாறி உட்காரும். எங்கள் ஆள் ஒருவர் பழக்கதோஷத்தில் மாற்றிப் போட்டு, தேவிபட்டினத்துப் படகு ஒன்றைக் கொண்டுபோய்த் திருப்புல்லாணி வயல்காட்டில் நிறுத்தினார். "அறுவடைக்குப் போயிருப்பாங்க போல" என்று மட்டும் மேடம் சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு அலுவலகத்தில் 'சைன்காஸ் மேடம்' என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

அவருடைய முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். யார் எந்த எண்ணைக் கொண்டுபோனாலும் மூன்று கேள்வி கேட்பார். யார் பார்த்தது? எதிலிருந்து பார்த்தது? எதைப் பார்த்தது? மூன்றுக்கும் பதில் வராமல் அந்த எண்ணை எழுதமாட்டார். 'சுமாரா' என்ற சொல்லை யாராவது சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குரலை உயர்த்தி ஒருநாளும் பேசியதில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை, இந்த மௌனத்தைத் தாங்க முடியாது என்று பையன்கள் புலம்புவார்கள். எனக்கும் ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. அரிசி வாங்கப் போனாலும் இவர் மூன்று கேள்வி கேட்பாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

அது வாடைக்காற்று நாள். மதியத்துக்கு மேல் மழை வரும் என்று எச்சரிக்கை கொடுத்திருந்தோம், பெரும்பாலான படகுகள் கரைக்கு வந்துவிட்டன. மாலை மூன்று மணி தாண்டியிருக்கும். வயர்லெஸ்ஸில் ஒரு குரல் வந்தது. தேவிபட்டினம் பக்கத்துக் காளிமுத்து, ஃபைபர் படகுக்காரர்.

"சார், இன்ஜின் நின்னு போச்சு. ப்ரொப்பல்லர்ல வலை சுத்திக்கிருச்சு. நங்கூரம் போட்டு நிக்கிறோம். கூட வந்தவருக்குத் திருக்கை முள்ளு தொடையில ஏறிருச்சு. ரத்தம் நிக்கல சார்."

திருக்கை மீனின் வால்முள் ரம்பம் மாதிரி. உள்ளே போகும்போதைவிட வெளியே வரும்போது அதிகம் கிழிக்கும், விஷமும் உண்டு. வலையோடு வந்த திருக்கை படகுக்குள் விழுந்து துள்ளியதில் முள் ஏறியிருக்கிறது. அதே துள்ளலில் ஜிபிஎஸ் கருவி கடலுக்குள் போய்விட்டது, இருவரின் செல்போன்களும் தண்ணீரில் ஊறிவிட்டன. மிச்சம் காளிமுத்து கழுத்தில் தொங்கிய வயர்லெஸ் மட்டும்.

"கூட இருக்குறது யாருப்பா?" என்று கேட்டேன்.

"என் கூட்டாளி சார், பூமிநாதன். துபாய்ல ஒரே ரூம்ல இருந்தோம். கமுதிப் பக்கம், விவசாயம். நேத்து அவுக ஊர்ல கெடாவெட்டு. எங்க வீட்டுக்குக் கறி குடுக்க வந்தவன், நானும் கடலைப் பாக்குறேன்னு கறிப்பையோடயே ஏறிட்டான் சார். நான் வேணாம்னேன், கேக்கல."

மேடம் என் பக்கத்தில் வந்து நின்றார். கடலிலிருந்து என்னென்ன தெரிகிறது என்று கேட்கச் சொன்னார். மேற்கே கரையில் ஒரு பள்ளிவாசல் மினார், தெற்கே பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதி, அதற்கும் கிழக்கே ராமேஸ்வரம் டிவி டவர், மூன்றும் தெரிவதாகக் காளிமுத்து சொன்னார். ஆனால் மழை இறங்கிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் மறைந்துவிடும்.

மேடம் மைக்கை வாங்கிக்கொண்டார். "அண்ணே, காம்பஸ் எங்க இருக்கு?"

"பலகையில ஸ்க்ரூ போட்டு இருக்கும்மா."

"பக்கத்துல இரும்பு ஏதாவது இருக்கா? நங்கூரம், கத்தி, ஸ்பானர்?"

"நங்கூரம் தண்ணியில இருக்கு. கத்தி முன்னாடி அணியத்துல இருக்கு. இங்கன ஒண்ணும் இல்லம்மா."

"சரி. காம்பஸ் கண்ணாடி மேல குறுக்க ஒரு ஈர்க்குச்சி வைங்க. குச்சி நேரா மினாரைப் பாக்கணும். அந்த முனை எந்த நம்பர் மேல நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. ஒவ்வொரு நம்பரா சொல்லுங்க."

"மினாரு, ரெண்டு ஏழு அஞ்சு. பாலம், ஒண்ணு ஆறு சைபர். டவரு, ஒண்ணு மூணு அஞ்சு." சொல்லி முடித்துவிட்டு, "சீக்கிரம் வாங்கம்மா, இவன் பேச்சு நின்னுக்கிட்டு வருது" என்றார். அத்தோடு வயர்லெஸ் கரகரத்து அணைந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது. நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், பதில் இல்லை.

ரோந்துப் படகு ஒன்று பழுதில் கிடந்தது, இன்னொன்று தனுஷ்கோடிப் பக்கம் போயிருந்தது. ஜெட்டியில் நின்ற ஒரு விசைப்படகுக்காரரைக் கேட்டோம். டீசல் போடச் சொல்லிக் காத்திருக்க வைத்தோம். விசைப்படகு மெதுவாகத்தான் போகும். மழைக்காலத்தில் வெளிச்சமும் சீக்கிரம் போய்விடும். ஓரிடத்துக்குப் போய் இல்லையென்று கண்டு, அடுத்த இடத்துக்குப் போவதற்குள் இருட்டிவிடும். அதனால் ஒரே ஓர் இடம்தான் சொல்ல முடியும். அது தப்பானால் பூமிநாதன் இல்லை.

நான் மூன்று கோட்டையும் இழுத்தேன். முக்கோணம் விழுந்தது, ஆனால் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் முக்கோணம் இல்லை. ஒரு மூலை பாலத்துக்குக் கிட்டே, ஒரு மூலை ராமேஸ்வரத்தை நோக்கி, இன்னொரு மூலை வடக்கே நடுக்கடலில். ஒரு ஊரையே உள்ளே வைக்கலாம், அவ்வளவு பெரிசு. இருந்தாலும் வழக்கத்தை விடாமல் நடுவில் புள்ளி வைத்தேன்.

மேடம் புள்ளியைப் பார்க்கவில்லை. முக்கோணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை நடுங்கினா இவ்வளவு பெரிசு வராதுண்ணே. காம்பஸே திரும்பியிருக்கு."

"இரும்பு இல்லைன்னாரே மேடம்?"

"அவர் பார்த்த வரைக்கும் இல்ல. நங்கூரத்துல நிக்கிற படகு, முகம் மாறாது. அப்போ காம்பஸ் எவ்வளவு தப்பாக் காட்டினாலும் மூணுக்கும் ஒரே அளவுதான் தப்பாக் காட்டும். கட்டிலைத் திருப்பிப் போட்டா கட்டில் கால்களுக்கு நடுவுல உள்ள தூரம் மாறுமா?"

சொல்லிக்கொண்டே தாளில் கழித்தார். மினாருக்கும் பாலத்துக்கும் நடுவில் நூற்றுப் பதினைந்து பாகை, பாலத்துக்கும் டவருக்கும் நடுவில் இருபத்தைந்து. மூன்று அம்பையும் சேர்த்து எப்படித் திருப்பினாலும் இந்த இரண்டும் மாறாது. திசையை நம்ப முடியாது, இடைவெளியை நம்பலாம் என்பதுதான் அவருடைய கணக்கு.

இப்போது அந்த இடைவெளிகளை வைத்து வரைபடத்தில் இடம் தேட வேண்டும். அதற்கு உள்ளே தெரியும் தாள் வேண்டும். டிரேசிங் பேப்பர் கேட்டு நாங்கள் அனுப்பியிருந்த கடிதத்துக்கு அதுவரை பதில் வரவில்லை. மேடம் சுற்றிப் பார்த்தார். மத்தியானம் யாரோ வாங்கிவந்த பஃப்ஸ் பார்சல் கிடந்தது. அதன் பட்டர் பேப்பரை உதறி மேசையில் விரித்தார். நடுவில் ஒரு புள்ளி, புள்ளியிலிருந்து மூன்று கோடு, நடுவே அந்த இரண்டு கோணம். தாளை வரைபடத்தின் மேல் வைத்து நகர்த்த ஆரம்பித்தார். ஒரு கோடு மினாரைத் தொட்டால் இன்னொன்று பாலத்தை விட்டு விலகும். அதைச் சரிசெய்தால் டவர் நழுவும். எண்ணெய்க் கறையும் மசாலா மணமுமாக அந்தத் தாள் வரைபடம் முழுக்க ஊர்ந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஓரிடத்தில் மூன்று கோடும் மூன்று அடையாளங்களின் மேலும் ஒரே சமயத்தில் உட்கார்ந்தன. மேடம் நடுப்புள்ளியில் பென்சில் முனையால் குத்தினார்.

தாளை எடுத்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புள்ளி என் முக்கோணத்துக்கு உள்ளேயே இல்லை. மேற்கே, முக்கோணத்துக்கு வெளியே விழுந்திருந்தது.

"மேடம், இது வெளிய இருக்கு."

"ஆமா."

"படகு முக்கோணத்துக்கு வெளிய இருக்கும்னு இத்தனை வருஷத்துல யாரும் சொன்னதில்ல மேடம்."

"இத்தனை வருஷமா உங்களுக்கு வந்ததெல்லாம் கை நடுங்கின முக்கோணம்ணே. இது காம்பஸ் திரும்பின முக்கோணம்." அவர் கணினி முன் உட்கார்ந்து அந்தப் புள்ளியிலிருந்து மூன்று அடையாளங்களுக்கும் அம்பு போட்டு, அவற்றுக்கு நடுவிலுள்ள கோணங்களைச் சரிபார்த்தார். ஒத்துப்போனது. அப்படியானால் காம்பஸ் கிட்டத்தட்டப் பதினெட்டு பாகை திரும்பியிருக்க வேண்டும் என்றார்.

கணக்கு எனக்குப் புரிந்தது, மனம்தான் ஒப்பவில்லை. பதினெட்டு பாகை சும்மா திரும்புமா? இரும்பு இல்லாமல் எப்படி? ஜெட்டியிலிருந்து விசைப்படகுக்காரர் எங்கே போக என்று கத்திக்கொண்டிருந்தார். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் மேடத்தின் புள்ளியையும் என் முக்கோணத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில்தான் காளிமுத்து சொன்ன ஒரு சொல் திரும்ப வந்தது. கிடாவெட்டு.

எங்கள் பக்கத்தில் கறிச்சோறு வீட்டைவிட்டு வெளியே போனால் கூடவே ஒரு இரும்பும் போகும். ஆணியோ சாவியோ, எது கையில் கிடைக்கிறதோ அது. வாசனை பிடித்துக்கொண்டு பேய் பின்னால் வராமல் இருக்க. பஸ்ஸில் போனாலும் உண்டு, காரில் போனாலும் உண்டு. பி.எஸ்ஸி படித்த என் பெண்டாட்டியே தூக்குச்சட்டிக்குள் ஆணி போடாமல் என்னை அனுப்பியதில்லை. கடல்காரர் காளிமுத்துவுக்கு அது தோன்றியிருக்காது. எங்கள் பக்கத்துக் கமுதிக்காரருக்குத் தோன்றாமல் இருக்காது.

"மேடம், கெடாக்கறி கொண்டுவந்த ஆளு இரும்பு இல்லாம வந்திருக்க மாட்டாரு. காம்பஸ் பலகைக்கு அடியில பையை வச்சிருப்பாரு" என்றேன்.

மேடம் நிமிர்ந்து பார்த்தார். "எவ்வளவு இரும்பு?"

"அது தெரியாது மேடம்."

"தெரிய வேணாம். கழிக்கிறப்பவே அந்தத் தப்பு போயிருச்சு. இடத்தைச் சொல்லுங்க, இன்ஷா அல்லாஹ்."

சொன்னேன். விசைப்படகு மேற்கே திரும்பிப் போனது. போன கொஞ்ச நேரத்தில் மழை ஜன்னலை மறைத்துவிட்டது. பாலம்கூடத் தெரியவில்லை. அந்த நேரம் முழுவதும் மேடம் பட்டர் பேப்பரை நான்காக மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அவர் அப்படிக் கையைச் சும்மா வைத்திருக்காமல் நான் பார்த்தது அன்று மட்டும்தான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தபோது விசைப்படகிலிருந்து குரல் வந்தது. "ஆளு கெடச்சுட்டாக சார். நீங்க சொன்ன எடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கண்ணுக்குத் தெரியிற தூரந்தான். மூச்சு இருக்கு. வாரோம்."

நான் நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மேடம் மைக்கை எடுத்து, ஆம்புலன்ஸ் எந்த ஜெட்டிக்கு வர வேண்டும் என்று கேட்டார்.

இரண்டு நாள் கழித்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு இருவரும் போனோம். காம்பஸைப் பலகையோடு கழற்றி எடுத்து வரும்படி மேடம் காளிமுத்துவிடம் சொல்லியிருந்தார். கணக்கை முடிக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. பூமிநாதன் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தார், ஆனால் பேசினார். பக்கத்தில் அவர் மனைவி பஞ்சவர்ணம். கறிப்பையில் என்ன இரும்பு இருந்தது என்று மேடம் கேட்டதும் அந்த அம்மா தலையணைக்கு அடியில் கைவிட்டுத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். கதிரறுக்கும் கருக்கரிவாள். வீட்டில் ஆணி கிடைக்கவில்லையாம், அதனால் தூக்குச்சட்டிக்கு அடியில் இதைப் போட்டு அனுப்பினாராம்.

"ஏலே பூமி, இம்புட்டுப் பெரிய இரும்பை வச்சுக்கிட்டா வந்த?" என்று காளிமுத்து தலையில் அடித்துக்கொண்டார்.

மேடம் காம்பஸைக் கட்டில் மேல் வைத்து, அரிவாளைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். முள் ஒரு ஆட்டம் ஆடித் திரும்பி நின்றது. "பாத்தீங்களா? இதனாலதான் உங்க வீட்டுக்காரர் இருந்த இடம் எங்களுக்குத் தப்பாத் தெரிஞ்சுது" என்று பொறுமையாகச் சொன்னார். பஞ்சவர்ணம் அரிவாளைத் தள்ளிக் கொண்டுபோனார், முள் பழைய இடத்துக்கு வந்தது. கிட்டே கொண்டுவந்தார், திரும்பியது. மறுபடியும் ஒருமுறை செய்து பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

"உசுரில்லாத முள்ளு, அதுவே இதைக் கண்டு திரும்புதும்மா. எமன் திரும்ப மாட்டானா?" என்றார்.

யார் பார்த்தது, எதிலிருந்து பார்த்தது என்று மேடம் கேட்பாரென்று நான் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. காம்பஸை எடுத்துக் காளிமுத்துவிடம் கொடுத்துவிட்டு, "அரிவாள் தலையணைக்கு அடியிலேயே இருக்கட்டும்" என்று சொல்லி எழுந்தார்.